இடப்பக்கம் திருப்பினால் சொட்டும் எண்ணெய்

இதை அவிழ்த்துப் பாருங்கள்: குங்குமம் கரைத்த நிறம், கோயிலுக்குப் போகாது, நாள் முழுக்க ஓடும், நாலடி தாண்டாது, நிறைந்திருந்தால் வாய் திறக்காது, குறைந்துவிட்டால் முனகும், கோழிக்குஞ்சு பலம் உள்ளவனுக்கும் யானை பலம் கொடுக்கும். அது என்ன?

தெரியவில்லையா, வெட்கப்பட ஒன்றுமில்லை. தென்காசி சாலையிலிருந்து சேர்ந்தகுளம் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி, பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகும்: காரில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற எண்ணெய். அந்த எண்ணெய் அந்த விலக்கில் நாற்பத்தொரு நாள் ஒழுகியது. அதைக் கொண்டு ஊர் என்னென்ன செய்தது, எதிர்ச்சாரியில் நின்று ஒரு மனிதன் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதுதான் கதை.

அந்த மனிதன் பெயர் ஆவுடையப்பன். விலக்கின் கிழக்குப் பக்கம் அவனுடைய ஒர்க் ஷாப், நடுவில் வண்டிக்கடியில் படுத்து வேலை பார்க்க வெட்டிய பள்ளம். ஸ்டீயரிங் வேலை மட்டும்தான் பார்ப்பான். லீக் பிடிப்பதில் அவனுக்கு மிஞ்சிய ஆள் அந்தத் தாலுகாவில் கிடையாது. சொட்டு விழுகிற இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள், ஆவுடையப்பன் பார்க்கமாட்டான். எண்ணெய் ஓரிடத்தில் கசிந்து, குழாய் வழியே நழுவி, தகட்டில் படர்ந்து, ஏதாவது ஒரு போல்ட் தலையில் தொங்கி, கடைசியில் எங்கோ வந்து விழும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் துணியால் மூன்று தரம் துடைப்பான். குழந்தைகளுக்குப் போடுகிற முகப்பவுடரைக் குழாய்கள்மேல் தூவுவான். கீழே பழைய பேப்பரை விரிப்பான். இஞ்சினை ஓடவிட்டு, யாரையாவது உட்காரவைத்து ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இடம், கடைசிவரை வலம் என்று மெல்லத் திருப்பச் சொல்லிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து, அந்த வெள்ளையில் முதல் சிவப்புப் புள்ளி எங்கே பூக்கிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பான். அந்தப் புள்ளிதான் லீக். மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்.

விலக்கின் மேற்குப் பக்கம் கொம்பையாவின் ஷெட். கொம்பையா டிங்கர், நசுங்கினதை நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பவன். ஆவுடையப்பனின் மனைவி கோமுவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அவன்மேல் ஆவுடையப்பனுக்குப் பொறாமை. அது தொழில் பொறாமை இல்லை, பிள்ளைப் பொறாமை.

ஆவுடையப்பனுக்கு ஒரே மகள், முப்பிடாதி, ஏழு வயது. அவள் பிறந்த அன்று நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைத்தது தாய்மாமன் கொம்பையா. தொட்டிலுக்குச் சேலை கொண்டுவந்தது கொம்பையா. நடக்க ஆரம்பித்தபோது தெருவே சேர்ந்து, "அப்படியே மாமன் நடை" என்றது. சிரித்தால் கன்னத்தில் விழுந்த குழிகூட மாமன் வீட்டுக் குழிதான். காதுகுத்துக்கு நாள் பார்க்கிற பேச்சு வந்தபோது ஆவுடையப்பன் எழுந்து ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டான். அந்தப் பக்கத்து வழக்கப்படி பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும்; பெற்ற அப்பன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எட்டிப் பார்க்கவேண்டும். அவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கம்பி ஏறுகிற அந்த நொடியில், வலி தாங்காமல் பிள்ளை யார் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறதோ, அந்தச் சட்டை தன் சட்டையாக இருக்கவேண்டும். இதை யாரிடமும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இந்த வருஷம் கிரகம் சரியில்லை, அடுத்த வருஷம் கை ஓய்வில்லை என்று ஆறு வருஷம் தள்ளிப்போட்டான். பிள்ளை குத்தாத மூளிக்காதோடு இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. அந்த ஆறு வருஷமும் அவன் சாலையைத் தாண்டி மச்சினன் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை.

இப்படி இருக்கையில் பங்குனி மாதத்தில் ஒரு நாள், சர்வேயர் வேணுவனம் தன் மாம்பழ நிறக் காரைக் கொம்பையாவிடம் விட்டார். பால் வண்டி ஒன்று இடித்துக் கதவு நசுங்கியிருந்தது. வண்டியை விட்டுவிட்டு மனிதர் மஸ்கட்டில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கதவை நிமிர்த்தி முடித்து, வண்டியைத் தள்ளி நிறுத்தத் திருப்பியபோது அடியில் சிவப்பாக ஏதோ சொட்டுவதைக் கொம்பையா பார்த்தான். சாலை ஓரத்துக்கு வந்து கூப்பிட்டான்.

"அத்தான்! சர்வேயர் வண்டியில ஸ்டீயரிங் ஆயில் சொட்டுது. உங்க பள்ளத்துக்குத் தள்ளிக் கொண்டாரட்டுமா?"

"உன் ஷெட்டுல ஏறுன வண்டி என் பள்ளத்துல இறங்காது."

"அப்போ நான் என்ன செய்ய?"

"தகரத்தை வச்சுப் பிடி!"

கொம்பையா அத்தான் பேச்சைத் தட்டாதவன். ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

மறுநாள் காலை டீக்கடைப் பிச்சைக்கனி கொம்பையாவுக்கு டீ கொண்டுவந்தான். பதினோரு வருஷத்துக்கு முன் மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்ட கழுத்து அவனுக்கு. வலப்பக்கம் மட்டும்தான் திரும்பும், இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் முழு ஆளும் சுற்றிவர வேண்டும், அதனால் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தான். டீயை வைக்கக் குனிந்தவன் தகரத்தில் கையை விட்டுவிட்டான். விட்ட கையைக் கழுத்தில் துடைத்தான். துடைத்ததும் கழுத்து தேங்காய் எண்ணெய் போட்ட கதவு போல இடப்பக்கம் திரும்பியது. பிச்சைக்கனி கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்கன ஒரு வேப்பமரம் நின்னுச்சே?"

"அதை வெட்டி ஏழு வருசமாச்சே அண்ணாச்சி."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் மைச் சிமிழோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஆண்கள் கண்சொட்டு மருந்துக் குப்பிகளோடு வந்தார்கள். திரும்ப மறுத்துக்கொண்டிருந்ததெல்லாம் சேர்ந்தகுளத்தில் திரும்ப ஆரம்பித்தது. ரேஷன் கடை ஷட்டர் ஒற்றை விரலுக்கு ஏறியது. இரண்டு பேர் தொங்கினாலும் அசையாத பஞ்சாயத்துத் தொட்டி வால்வு கண் சிமிட்டுகிற நேரத்தில் திரும்பியது, மேலத் தெருவுக்கு முதல் தடவையாகத் தண்ணீர் வந்தது, வந்த தண்ணீரை எதில் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டை நடுவில் மறித்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவரின் மனைவிமார் சேர்ந்து நடுக்கதவுக் கீலில் இரண்டு சொட்டு விட்டார்கள், கதவு திறந்துகொண்டது, அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆகவில்லை, ஆனால் அன்று முதல் முகத்துக்கு நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள், அது பழையதைவிட எவ்வளவோ தேவலை என்று மனைவிமார் சொன்னார்கள். வார்டு மெம்பர்கள் மூன்று பேர் கட்சி மாறினார்கள். அது எண்ணெய் இல்லாமலும் நடக்கிறதுதான் என்று ஊர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சித்திரைத் தேரோட்டத்தில், வருஷா வருஷம் தென்மேற்கு மூலையில் சிக்கி அரை நாள் நின்று நாக்குத் தள்ள வைக்கிற தேரை, டியூஷன் முடிந்து வந்த நாலு பெண்பிள்ளைகள் விரல் நுனியால் திருப்பிவிட்டுப் போனார்கள். மூலையில் நின்று கத்துவதற்கென்றே வந்திருந்த பெரியவர்கள், மிச்சப் பகலை என்ன செய்வது என்று தெரியாமல் மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள்.

அளவும் முறையும் தானாக ஏற்பட்டன. கதவுக்கு இரண்டு சொட்டு, கழுத்துக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்றரை. பிள்ளைகளுக்கு மட்டும் கூடாது. ஐந்து மாதமாகியும் குப்புற விழாத ஒரு குழந்தைக்கு அதன் அத்தை அரைச் சொட்டு தடவ, குழந்தை குப்புற விழுந்து, மல்லாந்து, குப்புற விழுந்து, உருண்டு உருண்டு நடைவாசல் வரை வந்துவிட்டது. வாசல் படிதான் நிறுத்தியது. அன்றிலிருந்து அந்த விதி.

இன்னொன்றையும் எல்லோரும் கவனித்தார்கள், கவனித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள்: எவ்வளவு சொட்டினாலும் வண்டியின் ஆயில் டப்பாவில் எண்ணெய் மேல் அளவுக்கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

ஆவுடையப்பன் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தான். கனத்துப்போன ஸ்டீயரிங்கோடு அவனிடம் வரவேண்டிய வண்டிகளெல்லாம் மேற்கே திரும்பி, ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு போயின. அவனிடம் வந்தவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "எண்ணெய் ஷெட்டு எதிர்த்தாப்புல இருக்கதா?" அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது வேறு. நிறுத்திய வண்டி சொட்டாது. இஞ்சினை ஓடவிட்டுத் திருப்பினால்தான் சொட்டும். ஆகவே காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கொம்பையா வண்டியைக் கிளப்பினான், திருப்புவதற்கு முப்பிடாதியைக் கூப்பிட்டான். அவளுக்கு ஸ்டீயரிங் எட்டாது. எட்டாததால் மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாளைக்கு இரண்டு தரம், கண்ணாடிக்குப் பின்னால், மச்சினன் தோளுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் தன் மகளின் உச்சந்தலை தெரிவதை ஆவுடையப்பன் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி பார்த்தான். வரிசையில் நின்றவர்கள், "திருப்பு பிள்ள, திருப்பு!" என்றார்கள். பிள்ளை சிரித்தது. அந்த வண்டி இருக்கவேண்டிய இடம் தன் பள்ளம், அந்தப் பிள்ளை இருக்கவேண்டிய இடம் தன் மடி, இரண்டையும் அங்கே அனுப்பிவைத்தது தன் வாய் என்று நினைக்க நினைக்க, அவன் ஏற்கெனவே இறுக்கிய நட்டையே மறுபடி மறுபடி இறுக்கினான்.

ஒரு நாள் சாப்பிடும்போது முப்பிடாதி கேட்டாள்: "அப்பா, இடது பக்கம் திருப்புனாத்தான் சொட்டுது. வலது பக்கம் திருப்புனா ஒண்ணும் வரமாட்டேங்கு. ஏன்ப்பா?"

கேட்ட மாத்திரத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. பம்பு இல்லை, பெரிய ஹோஸ் இல்லை. முன்சக்கரங்களை இணைக்கிற ரேக்கின்மேல் போகிற இரண்டு மெல்லிய குழாய்களில், இடப்பக்கத்துக்கு அழுத்தம் கொண்டுபோகிற குழாய். அதன் நட்டுக்குள் இருக்கிற ரப்பர் வளையம். பார்க்காமலே லீக்கைப் பிடித்துவிட்டான். ஆனால் சொன்னது இதுதான்:

"உன் மாமன்கிட்டப் போய்க் கேளு."

"கேட்டேன். மாமாவுக்குத் தெரியாதாம். 'உங்க அப்பாவுக்குத்தாம்ட்டி தெரியும், அவங்களை மாதிரி ஆளு கிடையாது'ன்னு சொன்னாவ."

அவள் தலைமுடியில் அந்த எண்ணெய் வாடை வீசியது. ஆவுடையப்பன் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான்.

அந்த வாரமே கோமு நாள் குறித்துவிட்டாள்.

"வைகாசி பத்து. முப்பிடாதி அம்மன் கோயில்ல. தம்பிகிட்டச் சொல்லியாச்சு, சீரு எடுக்கப் போயிருக்கான்."

"என் மடியில வச்சுக் குத்துறதா இருந்தா குத்து. இல்லைன்னா மூளியாவே கிடக்கட்டும்."

கோமு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊர்ல எங்கயாவது அப்பன் மடியில வச்சுக் காது குத்திப் பாத்திருக்கியளா? அப்போ எந்தம்பி என்னத்துக்கு இருக்கான்? கூட்டத்துல நின்னு கிடாக்கறி திங்கவா?"

"நான் மட்டும் என்னத்துக்கு இருக்கேன்?"

ஆறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான். ஆனால் கத்திச் சொன்னதால் கோமுவுக்கு அது கேட்கவில்லை. "கூட்டத்துல நின்னு கிடாக்கறி திங்க," என்றாள்.

நாற்பத்தோராம் நாள் சர்வேயர் வேணுவனம் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்தார். ஷெட் வாசலில் தன் காருக்குப் பூ சுற்றியிருப்பதைப் பார்த்தார், நின்ற வரிசையைப் பார்த்தார், நடந்ததை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்கு என் வண்டி வேணும்," என்றார். "ஒழுகாம வேணும். வண்டின்னு இருந்தா லீக் இருக்கக் கூடாது." ஊர்ப் பெரியவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். நிலத்தை அளந்தே தலை நரைத்த மனிதர். எல்லைக்கல் மாதிரி நின்றார். ஒரு சொட்டு அவர் சட்டையில் தெளித்துப் பார்க்கலாமா என்று பிச்சைக்கனி யோசனை சொன்னான். அது முறையில்லை என்று ஊர் சொல்லிவிட்டது. வண்டி அவருடையது, ஆகவே லீக்கும் அவருடையது. அதை அடைக்கத் தெரிந்த ஆள் ஒருவன்தான்.

ஆவுடையப்பன் ஆறு வருஷத்துக்குப் பிறகு சாலையைத் தாண்டினான். ஊரே வழிவிட்டு நின்று பார்த்தது. அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கொம்பையா ஓடிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க அத்தான். டீ சொல்லட்டா?"

"வேலைக்கு வந்தேன்."

மூன்று தரம் துடைத்தான். பவுடர் தூவினான். பேப்பர் விரித்தான். அடியில் மல்லாந்து படுத்தபிறகுதான், மேலே ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது அவனுக்கு நினைவு வந்தது. "யாராவது திருப்புங்க," என்றான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வண்டி முதலில் ஒரு பெரிய ஆள் பாரத்துக்கு அமுங்கியது; பிறகு ஒரு சின்னப் பாரத்துக்கு இன்னும் கொஞ்சம், ஒரு நூல் அளவுதான், அமுங்கியது. முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த தகட்டில் அந்த நூல் அளவை ஆவுடையப்பன் உணர்ந்தான். இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே மகளின் சிரிப்பு கேட்டது. "இடது பக்கம்," என்று கத்தினான். சக்கரம் திரும்பியது. அவன் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த நட்டின் கழுத்தில், வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி பூத்தது.

வளையத்தை மாற்றக் கால் மணி நேரம் போதும். ஆனால் அதற்கு முன்பாக அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்சொட்டுக் குப்பியை எடுத்து, நட்டுக்குக் கீழே பிடித்து, "இன்னும் திருப்பு... இன்னும்," என்று சொல்லி நிரப்பிக்கொண்டான். அது பழுது பார்ப்பதில் சேராத வேலை. பிறகு இஞ்சினை நிறுத்தச் சொல்லி, நட்டைக் கழற்றி, விரிசல் விட்ட வளையத்தை எடுத்துப் போட்டுப் புதியதை மாட்டி இறுக்கினான். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, டப்பாவில் நுரை அடங்கிக் காற்றெல்லாம் வெளியேறும்வரை மெல்ல இடமும் வலமும் திருப்பவைத்தான். மறுபடி பேப்பர் விரித்தான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பேப்பர் காய்ந்து கிடந்தது.

"அத்தான் கை பட்டா நின்னுரும்னு எனக்குத் தெரியும்," என்றான் கொம்பையா. அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று ஆவுடையப்பன் தேடிப் பார்த்தான். இல்லை. அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

சர்வேயர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஊர் இரண்டு நாள் ஆவுடையப்பனோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பேசியது. தொட்டி வால்வு பழையபடி இறுகிக்கொள்ள, மேலத் தெருவில் குடங்களை மறுபடி கவிழ்த்து வைத்தார்கள். காலை ஏழு மணிக்கு முப்பிடாதி பழக்கத்தில் எழுந்து சாலையைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

வைகாசி பத்தாம் தேதி அம்மன் கோயிலில் கூட்டம். கிடா கட்டியிருந்தது. நாதஸ்வரம் ஒலித்தது. ஆசாரி மணையைப் போட்டுக் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொம்பையா சீர்த்தட்டோடு, பட்டுப் பாவாடையும் தங்கத் தோடுமாக மேளத்துக்குப் பின்னால் வந்தான். முப்பிடாதிக்கு மொட்டை அடித்தாயிற்று. மொட்டைக்குச் சந்தனம் பூசுகிற வேலையை ஆவுடையப்பன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். இவ்வளவாவது செய்யட்டும் என்று கோமு விட்டுவிட்டாள்.

சுவர் ஓரமாகத் திரும்பி நின்று, சந்தனக் கிண்ணத்தில் குப்பி முழுவதையும் கவிழ்த்தான். கழுத்துக்கு ஒரு சொட்டு என்பது ஊர் அளவு. அவன் மனதில் ஓடியது இதுதான்: என் பக்கம் திரும்பட்டும், இன்று ஒரு நாள் திரும்பட்டும். சந்தனம் லேசாகச் சிவந்தது. குங்குமம் சேர்த்தது போலத்தான் இருந்தது. மகளின் மழித்த தலையில், பிறந்த அன்று இருந்த மாதிரியே இருந்த அந்தத் தலையில், பதமாகப் பூசினான். பூசி முடித்து, "முப்பி," என்றான்.

பிள்ளை அவன் பக்கம் திரும்பியது. முகம் முழுக்கத் திரும்பியது. கையை நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தது. ஆவுடையப்பன் குனிந்தான்.

"முப்பிடாதி, இங்க வாம்மா," என்றாள் கோமு. பிள்ளை கோமு பக்கம் திரும்பியது.

"மருமவளே!" என்றான் கொம்பையா. கொம்பையா பக்கம் திரும்பியது. நாதஸ்வரம் ஒரு எடுப்பு எடுத்தது. அந்தப் பக்கம் திரும்பியது. கிடா கத்தியது, கிடாவிடம் போனது. "என்ன பிள்ள, இப்படிச் சுத்துதே," என்று நாலு பேர் நாலு திக்கிலிருந்து கூப்பிட, நாலு திக்கும் திரும்பியது. சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதைக் கேட்டுத் திரும்பிக் கோயில் வாசலைத் தாண்டி ஓட, கோமு பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். பிடித்த பிடியில் நின்றபடியே தலை மட்டும் இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அழுவதற்கு ஒரு பக்கம் நிற்க அதனால் முடியவில்லை.

பிச்சைக்கனி கிட்டே வந்து மோந்து பார்த்தான். "சந்தனத்துல ஆயில் வாடை வருதே," என்றான்.

"யாரும் பேசாதிய!" என்று கத்தினான் ஆவுடையப்பன். "ஒருத்தரும் வாயத் தொறக்காதிய!"

மேளம் நின்றது. நாதஸ்வரம் நின்றது. யாரோ கிடாவின் வாயைப் பொத்தினார்கள். சேர்ந்தகுளத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. அந்த அமைதியில், குசுகுசுவென்று, மகளுக்குக் கேட்காத குரலில் ஆவுடையப்பன் சொன்னான்: "நான்தான் ஊத்தினேன். என் பக்கம் திரும்பட்டும்னு ஊத்தினேன்."

"ஏன்வே," என்று அதே குசுகுசுப்பில் கேட்டான் பிச்சைக்கனி, "அது திருப்புறதை லேசாக்கும், அவ்வளவுதானே? எந்தப் பக்கம்னு அதுக்கு என்ன தெரியும்? ஸ்டீயரிங் வேலை பாக்குற ஆளு, உமக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான் ஆவுடையப்பன்.

மகளை அள்ளிக்கொண்டு கோயில் அடிபம்புக்குப் போனான். கொம்பையா பின்னாலேயே வந்து பம்பை அடித்தான். கோமு சீயக்காய்ப் பொடியைக் கொண்டுவந்து கையில் தட்டினாள், அவனைப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் தேய்த்தான், கழுவினான், தன் வெள்ளை வேட்டி நுனியால் துடைத்தான். மறுபடி தேய்த்துக் கழுவித் துடைத்தான். மூன்றாம் தரம் துடைத்தபோது துணியில் சிவப்பு ஒட்டவில்லை. தூரத்தில் இன்னொரு பஸ் ஹாரன் அடித்தது. முப்பிடாதி திரும்பவில்லை. விக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

திரும்பி வந்தபோது கூட்டம் அப்படியே பேசாமல் நின்றது. கொம்பையா சீர்த்தட்டை எடுத்துவந்து மணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அத்தான், உங்க மடியிலயே உக்காரட்டும். என்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாம்லா? நான் ஓரமா நிக்கேன்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா தம்பி," என்றார் ஒரு பெரியவர்.

"எனக்குக் காது அசையாம இருந்தாப் போதும்," என்றார் ஆசாரி. "மடி எந்த மடியானா என்ன? வெயில் ஏறுது."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தேர் மூலையில் கத்த முடியாமல் போன மனிதர்கள். இதற்கும் அவர்கள் கத்தவில்லை. இன்னொரு மணையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்கள். ஒன்றில் ஆவுடையப்பன் உட்கார்ந்தான், ஒன்றில் கொம்பையா உட்கார்ந்தான். ஆவுடையப்பன் ஆசைப்பட்டது ஆறு வருஷத்துக்குப் பிறகு ஊர் சம்மதத்தோடு அவன் முன்னால் இருந்தது. வாயைத் திறந்து ஒரு தரம் கூப்பிட்டால் போதும் என்று தோன்றியது. அவன் கூப்பிடவில்லை.

"நீயே பாத்து உக்காரு," என்றான்.

வேறு யாரும் கூப்பிடவில்லை. கிடாவின் வாயைப் பொத்தியிருந்தவன் கையை எடுக்கவில்லை. முப்பிடாதி பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்தாள். அப்பாவைப் பார்த்தாள், நனைந்து கிடந்த அவன் வேட்டியைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

பிறகு போய் மாமன் மடியில் உட்கார்ந்தாள்.